பஸ்ஸைப் பிடிக்கிற இழுப்பு

லூட்மிலா ஹவ்ரானெக் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதலில் கைப்பிடியில் ஒரு பக்கமாகச் சாய்வார். பிறகு உடம்பு முழுவதையும் பின்னால் தள்ளி, நாற்காலியை இரண்டு பின்னங்காலில் நிறுத்தி, அந்த நிலையிலேயே கசகசா வைத்த ரொட்டியைத் தின்பார். எங்காவது மளுக்கென்று சத்தம் வந்தால் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "கேட்டுச்சா? எழுதிக்கோங்க" என்பார்.

அது குறும்பல்ல, உத்தியோகம். சிகாகோவில் நூலகச் சாமான்களைச் சோதிக்கிற அந்தப் பரிசோதனைக் கூடத்தை நூலகர்கள் கூடி ஏற்படுத்தியிருந்தார்கள். அதுவரை நாற்காலியானாலும் பசையானாலும் விற்கிறவர் சொன்னதுதான் தரம். நாடு பூராவும் நூலகம் முளைத்துக்கொண்டிருந்த அறுபதுகளின் தொடக்கத்தில், ஏமாந்து அலுத்தவர்கள் 'இனி நாமே உடைத்துப் பார்ப்போம்' என்று கிளம்பியிருந்தார்கள். லூட்மிலா அங்கே வந்தது தட்டச்சு செய்ய; போகப்போக உடைத்துப் பார்க்கிற வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் நூலகர். எந்தச் சாமானை எந்த மனிதர் எப்படிப் பாழாக்குவார் என்பது அவருக்கு மனப்பாடம்.

கூடத்துப் பொறியாளர் ஆர்வில் டெஸ்மருக்கு இயந்திரம் சொன்னால்தான் உண்மை. புத்தகப் பட்டியல் அட்டைகளை வைக்கும் இழுப்பறைக்கென்று அவர் ஒரு இயந்திரக் கை செய்திருந்தார். மணப்பெண்ணின் முகத்திரையை விலக்குகிற பதத்தோடு அது இழுப்பறையை இழுக்கும், மூடும். ஐம்பதாயிரம் தடவை.

"ஆர்வில், இந்த ஊர்ல எவன் இப்படி இழுக்கிறான்?"

"அளவுன்னு ஒண்ணு வேணாமா லூட்மிலா?"

"பரீட்சைக்கு முந்தின நாள், லைப்ரரி மூட அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப ஒரு காலேஜ் பொண்ணு இழுப்பா பாருங்க. அதான் அளவு."

ஆர்வில் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கம்பெனி செய்த, அறுபது இழுப்பறை கொண்ட பெட்டி ஒன்று அவர் இயந்திரத்தில் தேறியது. ஒப்புதல் கிடைத்தால் முப்பது நூலகங்கள் அதையே வாங்கும். கையெழுத்துப் போட ஐந்து நூலகர்கள் கொண்ட குழு வந்தது. கம்பெனி சார்பில் ட்வைட் கோல்பி, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த ஷூவில். குழுத் தலைவி பேனாவைத் திறந்தபோது, குறிப்பெடுத்துக்கொண்டிருந்த லூட்மிலா எழுந்து, "நானும் ஒரு தடவை இழுக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா மேடம். நகம் உடைஞ்சா கம்பெனி பொறுப்பில்ல" என்று சிரித்தார் கோல்பி.

லூட்மிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அய்யோ, பஸ் போயிடும்!" என்று அலறி ஒரே வெட்டாக இழுத்தார். இழுப்பறை முழுதாக வெளியே வராமல் தடுக்கும் தகடு வளைந்தது. ஆயிரம் அட்டைகளோடு இழுப்பறை பறந்து வந்து கோல்பியின் ஷூ மேல் மூலை குத்தி இறங்கியது. அவர் ஒற்றைக்காலில் குதித்தபடி சொன்ன வார்த்தையைக் கேட்டு, குழுவிலேயே மூத்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதையும் குறிப்புல எழுதணுமா?" என்றார் லூட்மிலா.

"யாரும் இப்படி இழுக்க மாட்டாங்க!" என்று கத்தினார் கோல்பி.

மூத்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்க லைப்ரரியில போன வாரம் மட்டும் மூணு பேர் இழுத்தாங்க."

பேனா மூடப்பட்டது. ஆர்வில் காது வரை சிவந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, "நாலு பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்றார்.

"தனியா சொன்னப்ப எண்ணெய்க் குப்பியத் தூக்கிட்டுப் போனீங்களே."

ஆர்வில் குனிந்து ஒரு கை அட்டைகளை அள்ளினார். இருவரும் தரையில் மண்டியிட்டு அட்டைகளை அகரவரிசைப்படுத்தினார்கள். எழுத்துகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது. அப்போதுதான் ஆர்வில் முனகினார்: "ஒரு தடவை விழுந்தா இவ்வளவு வேலையா?"

"அடுக்கி முடிக்கிற வரைக்கும், இதுல இருக்கற புத்தகத்தை எவனும் கண்டுபிடிக்க முடியாது. அலமாரியில இருந்தும் இல்லாத மாதிரிதான்."

மறுநாள் ஆர்வில், இழுப்பின் பலத்தை அளக்க ஒரு வில் தராசை லூட்மிலாவின் மணிக்கட்டில் கட்டினார். "பஸ்ஸைப் பிடிங்க" என்றார். லூட்மிலா முப்பது பஸ் பிடித்தார், முப்பதுக்கும் அலறலோடு. அந்தக் கணக்கில் புது இயந்திரக் கை வந்தது, தரவிதியில் புது வரி ஏறியது: 'திடீர் இழுப்பையும் தடைத்தகடு தாங்க வேண்டும்.' யாருடைய இழுப்பு என்று அதில் போடவில்லை.

நான்கு மாதம் கழித்து கோல்பி தடித்த தகடு பொருத்திய அதே மாதிரிப் பெட்டியோடு வந்தார், மூன்றடி தள்ளியே நின்றார். இயந்திரம் தேறியது என்றது. லூட்மிலா அலறி இழுத்தார். தகடு தாங்கியது.

ஆர்வில் படிவத்தை நீட்டினார். 'பரிசோதித்தவர்' என்ற இடத்தை லூட்மிலாவுக்காகக் காலியாக விட்டிருந்தார்.

"ஒண்ணு தாங்கிடுச்சு. இன்னும் அம்பத்தொம்பது இருக்கு" என்றார் லூட்மிலா. பேனாவை ஆர்வில் சட்டைப்பையில் செருகிவிட்டு, பாவாடையைச் சேர்த்துப் பிடித்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிவரிசையின் முதல் இழுப்பறைக்குக் கையை நீட்டினார்.