ஒரு பெட்டிக் குளிசை, இரண்டு நோயாளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை வட்டுக்கோட்டையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் தம்பிராசா. வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரர். எனக்கு அவரோடு பெரிய பழக்கமில்லை. தனியே போக மனம் வரவில்லை, நீரும் வாரும் என்று அருளப்பு அண்ணை கேட்டதால் போனேன்.

அருளப்பு அண்ணை குருநகரில் கடல் தொழில் செய்பவர். பல வருடங்களாக எங்கள் வீட்டுக்கு அவரிடம்தான் மீன். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, கிளினிக் நாட்களில் என் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார்.

கிளினிக்கில்தான் தம்பிராசா அவருக்குச் சிநேகிதமானார். இருவருக்கும் ஒரே நோய், ஒரே குளிசை. அந்தக் குளிசை ஆஸ்பத்திரியில் இல்லை... வெளியே பாமசியில்தான் வாங்கவேண்டும். விலை? ஒரு மாதத்துக்கான பெட்டி, அண்ணையின் ஒரு மாத உழைப்பை அப்படியே விழுங்கிவிடும். பிறகு வீட்டில் உலை வைப்பது எப்படி?

இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினார்கள். பாதி பாதியாகப் பிரித்தார்கள். தினமும் போடவேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார்கள். டொக்டரிடம் மூச்சு விடவில்லை.

டொக்டர் கெட்டிக்காரி. இரண்டு பேரின் இரத்தப் பரிசோதனையும் ஒன்றுபோல மோசமாகிக்கொண்டு போவதைக் கண்டு விஷயத்தைப் பிடித்துவிட்டார். அன்று நானும் அறைக்குள் நின்றேன். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. அரைகுறையாகப் போட்டால் இரண்டு பேருக்குமே கேட்காது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இதே மருந்தை மலிவாச் செய்து தர ஆக்கள் இருக்கினம். காப்புரிமை அவையளை விடாது. நான் என்ன செய்ய?”

அடுத்த கிளினிக்குக்குத் தம்பிராசா வரவில்லை. பஸ் பிடித்து நேரே குருநகருக்கு வந்தார். தனக்கு ஊசி மருந்து தொடங்கிவிட்டார்களாம், அது இலவசமாம், அதற்கு வேறு நாளாம். இனிக் குளிசை தேவையில்லை, முழுப் பெட்டியையும் நீங்களே போடுங்கோ என்றாராம். தன் பங்குக் காசையும் மாதாமாதம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. அண்ணையின் இரத்தம் தேறியது. முகத்தில் களை வந்தது. பழையபடி கடலுக்கும் போகத் தொடங்கினார்.

செத்தவீட்டில் தம்பிராசாவின் மனைவிக்கு ஆறுதல் சொல்லப்போன அண்ணை, அந்த ஊசியும் கைவிட்டுவிட்டதே என்று வருந்தினார். அந்த மனிசி நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஊசி, அண்ணை? அவர் ஒரு மருந்தும் எடுக்கேல்லை. எங்கடை பிள்ளையள் கரைசேர்ந்திட்டுதுகள், உங்கடை கடைசிப் பெட்டை இன்னும் பள்ளிக்கூடம் போகுது எண்டு என்னட்டைச் சொன்னவர். உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவர்.”

திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் இறங்கியபோது அண்ணை கேட்டார்.

“இனி அந்தக் குளிசை எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்குமே?”

அன்றிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு லாபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாடுபட்டவர்கள் சம்பாதிக்கட்டும் — ஆனால் எவ்வளவு, எத்தனை காலம்? காப்புரிமை முடியப்போகிற நேரத்தில் குளிசையின் மேல்பூச்சை மாற்றுவார்கள். இரண்டு நேரம் போடுவதை ஒரு நேரமாக்குவார்கள். அதற்கும் புதிதாக ஒரு காப்புரிமை கேட்பார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது! இது கண்டுபிடிப்பா, காவல் வேலியா?

உயிர்காக்கும் மருந்தை, தேவை வந்தால் காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே மலிவாகச் செய்விக்கவும் தருவிக்கவும் ஒரு நாட்டுக்கு வழி உண்டு. உலக வர்த்தக விதிகளே அதற்கு இடம் விட்டிருக்கின்றன. அந்த வழியில் நடக்கத்தான் நம்மை ஆள்பவர்களுக்குக் கால் வருவதில்லை. பெரிய கம்பனிகள் கோபித்துக்கொள்ளுமாம். கோபித்துக்கொள்ளட்டுமே! வட்டுக்கோட்டையில் ஒரு பெண் தாலி இழந்து இருக்கிறாள் — அவளுடைய கோபத்துக்கு யார் பயப்படுகிறார்கள்?

தம்பிராசா தன் உயிரைக் கொடுத்து அண்ணைக்குச் செய்ததை, ஒரு சட்டத் திருத்தம் இருவருக்குமே செய்திருக்கும்.