செல்லையா மாமனின் சுண்ணாம்பு டப்பி

பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் யாரோ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய வாசம், உதியன்குளங்கரையில் அம்மா நடத்திய, இப்போது இல்லாத சாயாக்கடைக்கு என்னைக் கொண்டுபோனது. எல்லைப் போராட்ட வருஷங்கள் அவை. எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேரணும் என்பவர்கள் ஒரு பெஞ்சிலும் கூடாது என்பவர்கள் எதிர் பெஞ்சிலுமாக, பேச்சில்லாமல் சாயா குடிப்பார்கள். அம்மா, "அண்ணே, அத இஞ்ச தாரும்" என்று முதல் பெஞ்சிலிருக்கும் செல்லையா மாமனின் சுண்ணாம்பு டப்பியை வாங்கி, முந்தானையில் கை துடைக்கிற சாக்கில் காணாமலாக்கி, எதிர் பெஞ்சுக்குச் சாயா கொடுக்கப் போன போக்கில் கோபாலண்ணனின் தோளில் மடித்துக் கிடக்கும் தோர்த்துத் துண்டுக்குள்ளிருந்து அதை எடுத்து, கோபாலண்ணன் கையிலேயே கொடுப்பாள். கைக்கு வந்த சுண்ணாம்பில் ஒரு துளி தொடாமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. கோபாலண்ணனும் தொட்டு வெற்றிலையில் தடவிவிட்டுத்தான் நீட்டுவார். "நல்ல கையாக்கும் உனக்கு மக்கா" என்பார் செல்லையா மாமன் அம்மாவிடம், சிரிக்காமல்.

போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டுச் செய்தி வந்த மறுநாள், அம்மா இரண்டு பெஞ்சிலும் சாயாவை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அவள் டப்பியைக் கேட்கவேயில்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது. செல்லையா மாமன் எழுந்து, எதிர் பெஞ்சுக்குப் பின்னாலிருந்த பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து முகம் துடைக்கத் தோர்த்தை எடுத்த கோபாலண்ணனின் மடியில் அந்த டப்பி விழுந்தது. அவர் அதைத் திறந்து, ஒரு துளி தொட்டுக்கொண்டு, நீட்டினார்.

வாங்கிக்கொண்ட செல்லையா மாமன் அம்மாவைப் பார்த்து, "நல்ல கையாக்கும் உனக்கு மக்கா" என்றார்.