பத்து நாற்பது

எங்கள் அப்பா தர்மபுரத்தில் வயல் செய்தவர். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் ஒவ்வொரு வயலுக்கும் வரும். எங்கள் முறை காலை ஆறு மணிக்கு என்றால் அப்பா ஐந்தரைக்கே மண்வெட்டியோடு வரம்பில் நிற்பார். பிந்தினால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். வீட்டிலும் சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் நடக்கும்.

அப்படி வளர்ந்த நான், முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். யுத்தத்துக்குப் பிறகு செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது அவரைக் கண்டு பழக்கம். அவராக வந்து கதைத்திருக்காவிட்டால் நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

அவர் விடிய வெள்ளெனத் தோணியில் களப்புக்கு, அந்தக் கடலேரிக்கு, இறால் பிடிக்கப் போவார், தனியத்தான். சில நாள் எட்டு மணிக்கு வருவார். சில நாள் ஒரு மணியாகும். வந்தாலும் நேரே வீட்டுக்கு வரமாட்டார்; கரையில் யாருடைய வலையிலாவது சிக்கெடுத்துக்கொடுத்துக் கதைத்துக்கொண்டிருப்பார். தண்ணீரில் விழுந்துவிடும் என்று கைத்தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். முதல் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மா, என் மாமி, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, தொழிலுக்குப் போகிறவனிடம் திரும்பி வரும் நேரம் கேட்கக்கூடாது, அது ஆகாது என்றார். அவரோ சிரித்தார். “நேரத்தைப் பிடிச்சு என்ன செய்யப் போறாய்? அதென்ன, றாலே?”

அந்த வருடமே ஒருநாள் இரண்டு மணியாகியும் அவர் வரவில்லை. நான் அழுதுகொண்டு கரைக்கு ஓடினேன். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு இரண்டு படகில் தேடிப் போனார்கள். அக்கரையில் கூட்டாளி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டவரைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு நான் கரைப்பக்கம் போனாலே பெண்கள், “தர்மபுரத்து மணிக்கூடு வருது, எல்லாரும் நேரத்தைச் சரிபாருங்கோடி” என்பார்கள். பகிடிதான். எனக்கென்றால் நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

பழகிக்கொண்டேன். சோற்றை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் பழகினேன். அந்த ஊரின் ஆறுதலான போக்கு எனக்குப் பிடித்தும் போனது. மகள் காய்ச்சலாய்க் கிடந்தபோது அடுத்த வீட்டு அக்கா காலையில் வந்தவர், பொழுதுபட்ட பிறகுதான் எழும்பிப் போனார். எங்கள் ஊரில் அப்படி யாரும் வந்து இருந்ததில்லை. நானும் அவர்களைப் போல ஆகிவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் நான் கையில் மணிக்கூடு கட்டுவதை மட்டும்தான் விட்டிருந்தேன். மனம் எண்ணுவதை விடவில்லை.

போன வருடம் ஒருநாள் அவர் ஐந்து பத்துக்குப் போனார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, நெஞ்சு எரிகிறது, நேற்றைய கறி உறைப்பு என்றார். ஒன்பது ஆனது. பத்து ஆனது. பிந்துவது புதிதில்லை; ஆனால் அந்தப் பாதித் தேநீர் எனக்குள் நின்றது. பத்து நாற்பதுக்கு வேலியடிக்குப் போனேன். அடுத்த வீட்டு அண்ணா பூவரசின் கீழ் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய இயந்திரப் படகு கரையில் நின்றது. ஒரு சொல் சொன்னால் போயிருப்பார்.

“என்ன தங்கச்சி?”

அவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு இருந்தது. வேறு எதற்கோ சிரித்திருக்கலாம்.

“ஒண்டுமில்லை அண்ணா.”

திரும்பி வந்து முற்றம் கூட்டினேன்.

இரண்டு மணிக்கு வேறு ஊர் ஆட்கள் தோணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் தோணிக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தண்ணீரில் இறங்கி நின்றவர் நெஞ்சுவலி வந்து தானாகவே ஏறிப் படுத்திருக்கிறார் என்றார்கள். பன்னிரண்டு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். மாமிக்கு அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

மரண விசாரணைக்கு வந்த ஐயா, வழமையாக எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்.

“வரேக்கை வருவார் ஐயா, நேரமெண்டு இல்லை” என்றேன்.

அவர் அதை எழுதி, கையெழுத்து வாங்கினார். என்னில் ஒரு பிழையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். களப்புக்குப் போனவனுக்கு நேரம் ஏது, உனக்கு எப்படித் தெரியும் என்று மாமி என் தலையைத் தடவினார். நான் பேசாமல் இருந்தேன். வாயில்லாத பிள்ளை என்று அதற்கும் இரங்கினார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் போனபின் அடுத்த வீட்டு அண்ணா மட்டும் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். எல்லாம் அடுக்கி முடிந்தும் போகவில்லை. நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“அண்டைக்கு வேலியடிக்கு என்னத்துக்கு வந்தனீ, தங்கச்சி?”

அந்த மனிதர் ஒரு மாதமாக இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும். ஆனால் அந்தப் பாரம் அவர் தலையில் ஏறும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் சுமக்க வேண்டும்.

“நெருப்புப்பெட்டி கேக்க வந்தனான் அண்ணா.”

தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பின்னேரம் என் மகளிடம் ஒரு நெருப்புப்பெட்டி கொடுத்து விட்டார்.