கொம்பு வண்டும் அப்பாவின் கம்பியும்

பால்கனி விளக்கடியில் ஒரு கொம்பு வண்டு வந்து விழுந்தது. செருப்பைக் கழற்றினேன்.

சிறுவயதில், எங்கள் ஊர் கோச்சடையில் தென்னங்குருத்தைக் குடையும் கொம்பு வண்டுகளை அப்பா கம்பியால் குத்தி இழுப்பார். இடுப்பில் எப்போதும் அந்தக் கம்பி இருக்கும். அழகர்கோவிலுக்குக் கிடாவெட்டுக்குப் போனபோது, விறகு தேடி ஒரு மக்கிய கட்டையைப் புரட்டினோம். உள்ளே இன்னொரு கொம்பு வண்டு. எங்கள் வண்டு உருண்டை, கொம்பு பெரிது. இது தட்டை, கொம்பும் சிறிது. அப்பா குத்திவிட்டார். அது கிறீச்சிட்டது. அருகில் அதன் புழுக்கள் நெளிந்தன.

"இது மக்குன கட்டையத்தான் திங்கும் மச்சான். தென்னைக்கு வராதே!" என்றாள் அங்கே வாக்கப்பட்ட சித்தி.

எல்லோர் முன்னாலும் அப்பா கம்பியைத் துண்டில் சுருட்டினார். அவரைப் பார்க்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

"வண்டை என்னப்பா பண்ணப் போறீங்க?" என்றாள், பால்கனிக்கு வந்து நின்ற என் மகள்.

செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.