அமாவாசை இன்ஸ்பெக்டர்

தமயந்தியைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை என்று காளிகாட் பக்கத்தில் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். மூன்று வரன் வந்தது. மூன்றையும் அவள் அம்மா கிருஷ்ணம்மாள்தான் பொருத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். அந்தச் சந்தில் நாற்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருக்காது.

அப்பா ரயில்வே ஆபீசில் வேலை பார்த்துச் செத்துப்போனார். மாடியில் இரண்டு அறை. அம்மாவும் மகளும் மட்டும். தமயந்தி பெங்காலியிலேயே படித்து, பெங்காலியிலேயே பரீட்சை எழுதி, பள்ளிக்கூட சப்-இன்ஸ்பெக்டர் ஆனவள். தமிழ் பேசுவதற்கு அவளுக்கு இந்த ஊரில் இரண்டே இடம். ஒன்று அம்மா, இன்னொன்று என் கடை. ஞாயிற்றுக்கிழமை காபிப்பொடி வாங்க வருவாள். பொடியைக் கட்டிக் கொடுத்த பிறகும் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவாள். வியாபார நேரத்தில் எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும். மறைப்பானேன்?

தொண்ணூற்றிரண்டில் அவளை மதுகாலி சர்க்கிளுக்குப் போட்டார்கள். சர்க்கிள் என்றால் நம் ஊர் ஒன்றியம் மாதிரி. தெற்கே, கேனிங்கையும் தாண்டி, ஆறும் சேறுமான பூமி. ஐம்பத்து மூன்று ஆரம்பப் பள்ளிகள். அதில் பத்தொன்பதில் ஒரே வாத்தியார்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சல். இத்தனைக்கும் சேர்த்து ஓர் ஆபீஸ், உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை. பூட்டுப் பிடிக்காத ஒரு பீரோ, பாதி நாள் வராத ஒரு கிளார்க். புத்தகம் வந்தால் பிரித்து அனுப்புவது, வாத்தியார்களுக்கு லீவு கொடுப்பது, புயலில் பறந்த கூரைக்கு மனு எழுதுவது, நாலாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று மாவட்டத்துக்குச் சொல்வது, எல்லாம் அவள் தலையில்தான். விடிகாலையில் பாலிகஞ்சில் ரயில் ஏறினால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும்.

நன்றாகத்தான் செய்தாள். ஐந்து வருஷத்தில் பதினோரு பள்ளிகளுக்கு இரண்டாவது வாத்தியாரை வாங்கிக் கொடுத்தாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அவளுக்கு ஆள் இல்லை. என்னிடம் வந்து சொன்னாள். நான் புளியை நிறுத்துக்கொண்டே, "பேஷ், பேஷ்" என்றேன்.

அப்புறம் அரிசி வந்தது. பள்ளிக்கு ஒழுங்காக வரும் பிள்ளைக்கு மாதம் மூன்று கிலோ. நூற்றுக்கு எண்பது நாள் வந்திருக்க வேண்டும். உடனே பல பள்ளிக்கூடங்களின் வருகைப் பதிவேடு கொழுத்துவிட்டது. வராத பிள்ளையெல்லாம் வந்ததாக எழுதினார்கள். தமயந்திக்கு அது கட்டோடு பிடிக்காது. ஆனால் அதுவே அவளுக்கு ஒரு சந்தேக புத்தியையும் கொடுத்துவிட்டது. எங்கே போனாலும் முதலில் தலையை எண்ணுவாள். பிறகுதான் வாத்தியாருக்கு வணக்கம்.

சர்க்கிளின் கடைசிப் பள்ளி ஹோகல்சர் என்ற தீவில் இருந்தது. மற்ற ஊர்களுக்கு வேனோ சைக்கிள் ரிக்‌ஷாவோ உண்டு. இதற்கு மூன்று மணி நேரம் மோட்டார் படகில் போக வேண்டும். கிருஷ்ணம்மாளுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். மகள் படகில் போகிறாள் என்று கேட்டதும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த ஊருக்கு நீ எப்ப வேணா போ. ஆத்துமேல போறதுன்னா நெறஞ்ச அமாவாசையில போ. அஷ்டமி நவமியில படகுல காலை வெச்சே, நான் உசுரோட இருக்க மாட்டேன்."

தமயந்திக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஆளோடு சண்டை போட்டுவிட்டு யாரோடு பேசுவது? வருஷத்துக்கு இரண்டு முறை, அமாவாசையாகப் பார்த்து ஹோகல்சர் போனாள். வேடிக்கை என்னவென்றால், அம்மா சொன்னது அப்படியே பலித்தது.

"அண்ணாச்சி, நம்பினா நம்புங்க. அமாவாசைக்குப் போனா ஆறு நெறஞ்சு நிக்குது. படகு நேரா படித்துறையிலயே போயி நிக்குது, செருப்புல சேறு ஒட்டல. வேற நாள்ல முழங்கால் சேத்துல நடக்கணுமாம்."

"பெரியவங்க சும்மாவா சொல்லுவாங்க?" என்றேன் நான். கப்பலோட்டிய பரம்பரை மாதிரி.

ஆனால் ஹோகல்சர் பள்ளி அவளுக்கு ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. தலைமை ஆசிரியர் நிதாய் மாஸ்டர் என்று ஒருவர். அங்கே தலையும் வாலும் அவரேதான். பதிவேட்டில் நாற்பத்தொரு பிள்ளைகள். பக்கத்துக்குப் பக்கம் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வருகை எழுதியிருக்கும். இவள் போய் எண்ணினால் ஏழு பேர். அடுத்த முறை ஒன்பது. அதற்கடுத்த முறை ஆறு. எங்கே மற்றவர்கள் என்றால், இறால் குஞ்சு பிடிக்க ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள் என்பார். தலையைக் குனிந்துகொள்வார். வேறு ஒரு வார்த்தை வராது.

அவள் எழுதினாள்: வருகைப் பதிவேடு நம்பத் தகுந்ததல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கத் தலைமை ஆசிரியர் முயற்சி எடுப்பதில்லை. வருஷா வருஷம் இதையே எழுதினாள். முதலில் ஹோகல்சருக்கு அரிசி நின்றது. பிறகு இரண்டாவது வாத்தியார் கிடையாது என்று முடிவானது. அவள் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினாள்.

இரண்டாயிரத்து மூன்று மார்கழியில் கிருஷ்ணம்மாள் போய்ச் சேர்ந்தாள். எடுத்துப்போக நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அடுத்த வாரமே தமயந்தி வேலைக்குப் போய்விட்டாள். காபிப்பொடி கால் கிலோவிலிருந்து நூறு கிராமாகக் குறைந்தது. நிற்கும் நேரம் மட்டும் முக்கால் மணியானது.

சில மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. சராசரி வருகை பதினைந்துக்குக் கீழே உள்ள பள்ளிகளை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க வேண்டும். இவள் எழுதிய எண்ணிக்கைப்படி பட்டியலில் ஹோகல்சரும் இருந்தது. பக்கத்துப் பள்ளி என்பது ஆற்றுக்கு அந்தக் கரையில். ஏழு நாளுக்குள் உத்தரவை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஏழு நாளில் அமாவாசை இல்லை. படகுக்காரன் வியாழக்கிழமை வருகிறேன் என்றான். வியாழக்கிழமை அஷ்டமி. போகாதே என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. போனாள்.

அன்று நடந்ததை அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை என் கடையில் நின்று சொன்னாள். இறங்கினதும் முழங்கால் வரை சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறும்போதே வாய்ப்பாடு கேட்டது. ஏழெட்டுக் குரல் இல்லை, ஒரு பெரிய கூட்டத்தின் குரல். உள்ளே போய் எண்ணினாள். நாற்பது. இடம் போதாமல் நாலு பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தன.

அவளுக்குத் தலைக்கு மேல் கோபம். தான் வருவது தெரிந்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் திரட்டி உட்கார்த்தி வைத்திருக்கிறான் மனுஷன் என்று நினைத்து, பிள்ளைகள் முன்னாலேயே நிதாய் மாஸ்டரைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

அவர் சாக்குக் கட்டியைக் கீழே வைத்தார். "மேடம், நீங்க இன்னிக்குத்தான் கோட்டால் இல்லாத நாள்ல வந்திருக்கீங்க" என்றார்.

கோட்டால் என்றால் ஆற்றில் வெள்ளம் ஏறும் நாட்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறும். அந்தத் தண்ணீரோடுதான் இறால் குஞ்சு வரும். அந்த மூன்று நாலு நாள், தீவில் நடக்கத் தெரிந்த உயிர் அத்தனையும் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும். அந்தக் குஞ்சை விற்றுத்தான் அவர்களுக்குச் சாப்பாடு. அஷ்டமி நவமியில் ஆறு வற்றிக் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மாதத்தில் இருபது நாளுக்கு மேல் அந்தப் பள்ளி நிறைந்துதான் இருந்திருக்கிறது. பதிவேட்டில் கோட்டால் நாட்களுக்கு அவர் குறைவாகத்தான் எழுதியிருந்தார். இவள் மேலோட்டமாக முப்பத்தெட்டுகளை மட்டும் பார்த்துவிட்டுப் பொய் என்று மூடியிருக்கிறாள்.

"ஏன் மாஸ்டர், பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவ இதைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சுதான் வர்றீங்கன்னு நெனச்சோம். மேடம் கெட்டிக்காரங்க, நம்மளப் பிடிக்கணும்னே கோட்டாலா பாத்து வர்றாங்கன்னு ஊரே சொல்லும். நீங்க எண்ணுவீங்க, எழுதுவீங்க, படகுலயே டிபன் டப்பாவத் திறந்து சாப்ட்டுட்டுப் போயிடுவீங்க. எங்க சொல்றது?"

அதைச் சொல்லும்போது தமயந்தி என் கடையின் வெல்லத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கிருஷ்ணம்மாள் அமாவாசையும் அஷ்டமியும் பார்த்த தமிழ் நாள்காட்டியைச் சித்திரைக்குச் சித்திரை இலவசமாகக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

உத்தரவைக் கொடுக்காமல் திரும்பிவிட்டாள். இனி என்ன செய்வது என்று என்னிடம் யோசனை கேட்டாள். படித்தவள், ஐம்பத்து மூன்று பள்ளிகளை நிர்வாகம் செய்கிறவள், மளிகைக்கடைக்காரனிடம் கேட்கிறாள். வேறு யாரிடம் கேட்பாள்?

"இதுக்கு எதுக்கும்மா மண்டையப் போட்டு உடைக்கிய? இந்த வருஷம் வருகை கூடிட்டுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. பள்ளிக்கூடமும் பிழைக்கும், உங்க பேரும் பிழைக்கும்."

"மாஸ்டர் பேரு? பொய்க் கணக்கு எழுதினவர்னு நான் எழுதினது அப்படியே நிக்குமே அண்ணாச்சி. அவரு அடுத்த வருஷம் ரிட்டயராறாரு."

மூன்று நாள் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாலாவது நாள் ஒரு முழுப் பக்கம் எழுதி மாவட்டத்துக்கு அனுப்பினாள். "ஹோகல்சர் பற்றிய என் அறிக்கைகள் எல்லாம் தவறு. என் சொந்த வழக்கப்படி அமாவாசை நாட்களில் மட்டுமே அங்கே சென்றேன். அந்த நாட்களில் அங்கே யாரும் பள்ளிக்கு வர இயலாது. பதிவேடு சரி. தலைமை ஆசிரியர் நேர்மையானவர். பிழை முழுவதும் என்னுடையது." என்னிடம் படித்தும் காட்டினாள். அம்மாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆபீஸ் முழுக்க அந்தக் காகிதம் கைமாறிச் சிரிப்பாய்ச் சிரித்தது. பக்கத்து சர்க்கிள்காரர்கள் அவளுக்கு அமாவாசை இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்கள். நேரில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். ஒரு மேலதிகாரி, "அடுத்த மீட்டிங்கை என்னிக்கு வெச்சுக்கலாம், நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க" என்றாராம்.

இரண்டு மாதம் கழித்து ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. ஹோகல்சர் பள்ளி தொடரும், நிதாய் மாஸ்டர் மீதிருந்த குறிப்புகள் நீக்கப்படுகின்றன என்பது ஒன்று. தமயந்தி இனிமேல் பள்ளிகளைப் பார்வையிட வேண்டாம், மாவட்ட அலுவலகத்தில் பழைய கோப்புப் பிரிவில் உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. ரிட்டயராகும் வரை அங்கேதான் இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை என்று கேள்வி.

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஜெயிச்சிட்டீகளே!" என்றேன்.

"அண்ணாச்சி, அன்னிக்கு அஷ்டமியில போனேன்ல, அந்த மாஸ்டர் சம்சாரம் எனக்குத் தட்டு வெச்சாங்க. சேறா இருக்கேன்னு காலுக்குத் தண்ணி ஊத்தி, சோறும் பருப்பும் போட்டு, உக்காருங்க அக்கான்னு கூப்ட்டாங்க. பையில மூடுற உத்தரவ வெச்சுக்கிட்டு எப்படிச் சாப்டறது? பசியில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே எனக்கு அங்க போறதுக்கு என்ன வேலை இருக்கு?"

இருபது வருஷத்துக்கு மேல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையிலிருந்து என் வீடு நாலு வாசல் தள்ளித்தான். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவள் என்று எனக்குத் தெரியும். இன்று மத்தியானம் எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் யாரோ துவரம்பருப்பு ஒரு கிலோ கேட்டார்கள். நான் தராசை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தமயந்தி போய்விட்டிருந்தாள்.