பார்லித் தண்ணீர்

என் பேத்திக்குப் பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்று இருந்தது. முன்பு அதற்குக் கரண்டியில் ஊற்றிக் கொடுக்கும் ஒரு கசப்புப் பாணி மருந்து. குடிப்பதும் வாந்தியெடுப்பதும் அழுவதுமாக எங்கள் காலைகள் கழிந்தன. பிறகு சின்ன மாத்திரை ஒன்று வந்தது. வீட்டுக்கு நிம்மதியும் வந்தது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்று இடைக்கிடை பார்ப்பார்கள். இந்த முறை ஒருநாள் சிறுநீர் முழுவதையும் பெரிய போத்தலில் சேர்த்துத் தரச் சொன்னார்கள்.

மகள், தான் சிஞ்ஞோரா என்று அழைக்கும் வெள்ளைக்கார எசமானியின் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். பொறுப்பு எனக்கு. ஊரில் இரசாயனம் படிப்பித்தவன் நான். ஆனாலும் விருந்தாளி வருமுன் வீடு கூட்டுகிறவனைப் போல, சோதனைக்கு முன் சிறுநீரகத்தைக் கழுவிவிட நினைத்தேன். இங்குள்ள பல்லறோச் சந்தையில் பார்லி வாங்கிவந்து பெரிய சட்டியில் அவித்தேன்.

"குடி பிள்ளை. அம்மாட்டைச் சொல்லாதை."

"வயிறு குலுங்குது, அம்மப்பா!"

ஆஸ்பத்திரிப் போத்தல் மத்தியானத்திலேயே நிறைந்தது. மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தல்களில் சேர்த்தோம். மறுநாள் பஸ்ஸில் என் பையை எட்டிப் பார்த்த வன்னிப் பெடியன் ஒருவன் கேட்டான்.

"இளநியோ ஐயா? இஞ்சை எங்கை எடுத்தனியள்?"

"விக்கிறேல்லைத் தம்பி."

பேத்தி சிரிப்பை அடக்க முடியாமல் என் சட்டையைக் கடித்தாள்.

முடிவு வந்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கவில்லை போலிருக்கிறது, மாத்திரைதான் காரணமோ தெரியாது, பழைய பாணிக்கே திரும்ப வேண்டி வரலாம் என்றார் மருத்துவர். மகள் மொழிபெயர்த்தாள். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன்.

உறுதிப்படுத்த இரத்தமும் எடுத்தார்கள். ஊசி ஏறியபோது அவள் என் விரலைத்தான் பிடித்திருந்தாள். அம்மாவிடம் சொல்லாதே என்று நான் கேட்டபடி வாயே திறக்கவில்லை. அதன்பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். ஊசிக்கு முன் திறந்திருக்க வேண்டும்.

"அப்பா, உங்களுக்கு விசரோ?" என்றாள் மகள். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, எவ்வளவு பார்லி என்று கேட்டார். கையால் சட்டியின் அகலத்தைக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

வழக்கமான அளவு தண்ணீர் மட்டும் குடிக்கவைத்து மறுபடி சோதித்தார்கள். சிறுநீரகத்தில் குறையில்லை. மாத்திரை தப்பியது.

மீதிப் பார்லி முழுவதையும் நானே குடிக்க வேண்டும் என்று பேத்தி தீர்ப்பளித்தாள். மறுபேச்சில்லாமல் குடிக்கிறேன். குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கதவைத் தட்டுகிறாள்.

"அம்மப்பா, போத்தில் தரட்டோ?"