வாய் திறந்தால் கண் மூடும் பொம்மை

பிடிவாதமாக மூடிய ஆறு வயது வாயை எப்படித் திறப்பது? அன்று எங்கள் தெருவில் யாருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

வாய்க்குச் சொந்தக்காரி சைக்கிள்கடை அக்காவின் மகள். எல்லோரும் குட்டி என்றே கூப்பிடுவார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஒரு பக்கக் கன்னம் காற்றடித்த ட்யூப் மாதிரி வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் அவள் நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

"அடுத்த தடவையும் இப்படின்னா, பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

மயக்க மருந்து அக்காவுக்குப் பிடிக்கவில்லை. கை சும்மா இருக்காது அவளுக்கு. அன்று சாயங்காலமே கடையில் பொம்மை செய்ய உட்கார்ந்துவிட்டாள். பொம்மை வாயைத் திறந்தால் மகளும் திறப்பாள் என்பது அவள் எண்ணம்.

பழைய சீட்டு ஸ்பாஞ்சில் தலை. பெல் மூடியில் தாடை. ட்யூப் ரப்பரில் கண்ணிமை. இடது பிரேக் பிடியை அழுத்தினால் வாய் திறக்க வேண்டும், வலது பிடியை அழுத்தினால் கண் மூட வேண்டும். கழுத்து ஒடுக்கமாக இருந்ததால் இரண்டு பிரேக் கம்பிகளையும் ஒரே உறைக்குள் திணித்தாள். உள்ளே அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வாய் திறக்கும்போதெல்லாம் கண்ணும் மூடிக்கொண்டது.

அவள் வீட்டுக்காரர் சுற்றிவந்து பார்த்தார். "என்னடி இது, கொட்டாவி விடுதா?"

"முகம் உங்க சாயல்ல வந்துடுச்சு. அதான்."

"கழட்டிச் சரிபண்ணேன்."

"எங்க நேரம்? நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போகணும்."

டாக்டர் பொம்மையைப் பார்த்தார். சிரிக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டார். படித்தவர்.

அக்கா பிடியை அழுத்தினாள். பொம்மை வாயைத் திறந்து கண்ணை மூடியது. "நீயும் செய் பார்ப்போம்" என்றாள். குட்டி பொம்மையை உற்றுப் பார்த்தாள். பிறகு பொம்மை செய்ததையே செய்தாள். வாயை ஆவென்று திறந்தாள், கண்ணை இறுக மூடினாள். ஊசியைப் பார்க்கவில்லை, இடுக்கியைப் பார்க்கவில்லை. ஊசி ஏறும்போது மட்டும் "ம்" என்றாள். பல் வெளியே வரும்வரை அக்கா பிடியை விடவில்லை. விரல்கள் மரத்துப்போயின.

குட்டி கண்ணைத் திறந்து, "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள். பல் தட்டில் கிடந்தது.

டாக்டர் தனக்கும் ஒரு பொம்மை கேட்டார். அக்காவுக்குத் தொழில் ரோஷம். இந்தமுறை தனித்தனி உறை போட்டுக் கச்சிதமாகச் செய்து கொடுத்தாள். கண் திறந்தே இருக்க, வாய் மட்டும் அழகாகத் திறந்தது. அதைப் பார்த்து வாய் திறந்த முதல் பையன் இடுக்கியையும் பார்த்தான். உடனே வாயை மூடினான். நடுவில் டாக்டர் விரல் இருந்தது.

மறுநாள் கட்டுப்போட்ட விரலோடு டாக்டரே கடைக்கு வந்தார். "அம்மா, அந்தக் கோளாறையும் சேர்த்துச் செஞ்சு குடுங்க."

வாயைத் திறக்காத பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், தயவுசெய்து இதைப் போய்ச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லை என்றாலும் பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள், அவர்கள் அடுத்த வீட்டில் சொல்வார்கள்.